தராசு முத்திரையும் பங்குச் சந்தையும்



நம் கடைத் தராசுக்கு அரசு முத்திரை உண்டு. எடை சரி என்பதற்கு மட்டுமே அது சாட்சி. தராசில் ஏறும் பருப்பு புதுசா, பழசா, விலை நியாயமா என்பதற்கு முத்திரை பொறுப்பாகாது. பங்குச் சந்தையில் செபியின் வேலையும் ஏறக்குறைய இதுதான். இதை உணராமல் நம்மில் பலர் கைமுதலை இழந்திருக்கிறோம்.

முன்பு நடைமுறை வேறு. 1947-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கம்பெனி பங்கு வெளியிட மத்திய அரசின் கட்டுப்பாட்டு அதிகாரி அனுமதிக்க வேண்டும். பங்கின் விலையும் அவர் கட்டுப்பாட்டில் இருந்தது. 1992-இல் அச்சட்டம் நீங்கியது. 1988-இல் தொடங்கிய செபிக்கு அதே 1992-இல் சட்ட அதிகாரம் கிடைத்தது. விலையைக் கம்பெனியே வைத்துக்கொள்ளலாம், ஆனால் உண்மைகளை மறைக்காமல் சொல்லியாக வேண்டும் என்று முறை மாறியது. வங்கிப் பணம் முறைகேடாகப் பங்குச் சந்தைக்குள் புகுந்த ஹர்ஷத் மேத்தா விவகாரம் வெடித்ததும் அந்த ஆண்டில்தான்.

வளரும் நாடுகளுக்கு இது பொதுவான சிக்கல். தொழிலுக்கு வங்கிக் கடன் மட்டும் போதாது. மக்கள் பணமும் வேண்டும். சந்தை வேகமாக வளர்கிறது. காவல் பின்னால் வருகிறது.

அந்த இடைவெளியில் நாமும் விழுந்தோம். 1995-இல் தீபாவளிக் கொள்முதலுக்கு வைத்திருந்த பணத்தில் ஒரு பகுதியைப் புதுக் கம்பெனி ஒன்றின் பங்கில் போட்டோம். நம்மைப் பார்த்து நம் கணக்குப்பிள்ளையும் மகள் கல்யாணத்துக்குச் சேர்த்ததைப் போட்டார். இரண்டு ஆண்டில் அனுப்பிய பதிவுத் தபால் திரும்பி வந்தது. நம் நட்டத்தைவிட, அவர் முகத்தில் விழிக்கச் சங்கடப்பட்டதே பெரிது.

பிறகு பூட்டுகள் கூடின. 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தால் டிமேட் கணக்கு வந்து, போலிப் பத்திரத் தொல்லை குறைந்தது. 2001-இல் பத்லா முறை நின்றது. 2008-இல் வந்த ஏற்பாட்டால், பங்கு ஒதுக்கும் வரை விண்ணப்பப் பணம் நம் வங்கிக் கணக்கிலேயே இருக்கிறது. 2023 ஜனவரி முதல் பங்கு வியாபாரக் கணக்கு மறு வேலைநாளே தீர்கிறது. ஆயினும் கம்பெனியின் தரத்துக்குச் செபி பொறுப்பல்ல என்று விளக்க அறிக்கையிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். அந்த அறிக்கையில் நாம் பார்க்க வேண்டியவை மூன்று:

1. பணம் எதற்கு? தொழிலை விரிவாக்கவா, பழைய கடனை அடைக்கவா? பழைய பங்குதாரர் தம் பங்கை விற்பதானால் அந்தப் பணம் கம்பெனிக்கே போகாது.

2. லாபத்துக்கேற்ப ரொக்கம் வருகிறதா? லாபம் ஏறி, வசூலாகாத பாக்கியும் ஏறினால் என்ன பொருள் என்பது நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

3. நடத்துபவர்கள்மீது வழக்கு உண்டா? சொந்தக்காரர் கம்பெனிகளோடு கொடுக்கல் வாங்கல் எவ்வளவு?

புதிதாகக் கடனுக்குச் சரக்குக் கேட்டு வருகிறவரிடம் ஊர், பேர், பழைய பாக்கி எல்லாம் விசாரிக்கிறோம். பங்கு விற்க வருகிற கம்பெனியும் நம்மிடம் பணம் கேட்டு வருகிற புது ஆள்தான். விசாரித்த பிறகும், சரக்குக்கு வைத்த முதலைத் தொடாமல், மிச்சத்தை மட்டும் போடுவோம்.