ராத்திரி ஷிப்டுக்கு ரிலீவர்

அன்புள்ள மகளுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். நேற்று ராத்திரி இரண்டரை மணிக்கு நீ போன் போட்டபோது உன் குரலைவிடப் பாப்பா அழுததுதான் பெரிதாகக் கேட்டது. "இன்னைக்கும் தூங்கல பெரியம்மா" என்றாய். பிறகு நீயும் அழுதாய். போனில் சொன்னால் அரைத் தூக்கத்தில் பாதி மறந்துபோகும். அதனால்தான் எழுதுகிறேன். தலைமாட்டில் வைத்துக்கொள்.

பெரும்பாலும் ஆறாம் மாசத்தை ஒட்டிக் கீழ் முன்பல் இரண்டும் முதலில் எட்டிப் பார்க்கும். பால் பல் 20-ம் வந்து முடிய இரண்டரை, மூன்று வயசாகிவிடும். அதுவரைக்கும் இப்படியேவா என்று பயப்படாதே. அமெரிக்காவில் கிளீவ்லாந்து ஊர் டாக்டர்கள் 125 குழந்தைகளின் அப்பா அம்மாவைத் தினமும் குறித்துவைக்கச் சொல்லி, 2000-ல் அதை எழுதினார்கள். ஒரு பல் வெளியே வர நாலு நாள் முன்னாலிருந்து, வந்து மூன்று நாள் வரைக்கும், ஆக எட்டு நாள்தான் தொந்தரவு. ஜொள்ளு, கண்டதைக் கடிப்பது, காதைத் தேய்ப்பது, சோறு வேண்டாமென்பது, ராத்திரி முழிப்பது எல்லாம் அதில் வரும். உடம்பு லேசாகச் சுடும். கொதிக்கிற காய்ச்சல் அதில் சேராது.

நீ மூன்று வாரமாகத் தூங்கவில்லை என்கிறாய். அப்படியென்றால் எல்லாப் பழியும் பல்லுக்கு இல்லை. ஏழு மாசத்துப் பிள்ளை தவழப் பழகும். அம்மா கண்ணில் படாவிட்டால் தேடும். தூக்கம் மெலிந்துவரும் நேரத்தில் கண்ணைத் திறந்து, நீ பக்கத்தில் இருக்கிறாயா என்று பார்க்கும். முனகின உடனே தூக்கிவிடாமல், கை வைத்துத் தட்டிக்கொடுத்து இரண்டு நிமிஷம் பார். பாதி நாள் அதுவாகவே திரும்பத் தூங்கிவிடும்.

ஈறு வலிக்கு நம் கைக்கு எட்டினது போதும். கையை சோப்புப் போட்டுக் கழுவி, விரலால் ஈறை அழுத்தித் தேய்த்துவிடு. சுத்தமான துணியை நனைத்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துக் கடிக்கக் கொடு, ஃப்ரீசரில் வேண்டாம். கேரட்டை மட்டும் கையில் கொடுத்துவிடாதே, துண்டு உடைந்து தொண்டையில் மாட்டும். மெடிக்கல் ஷாப்பில் மரத்துப்போகிற ஜெல் கொடுப்பார்கள். அதில் பென்சோகெய்ன் இருந்தால், ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் குழந்தை நீலம் பாயலாம் என்று 2018-ல் அமெரிக்க மருந்துத் துறையே எச்சரித்தது. ஒரு காலத்தில் வெள்ளைக்காரர்கள் பல் முளைக்கிற பிள்ளைகளுக்குப் பாதரசப் பொடி கொடுத்தார்கள். கை கால் சிவந்து உரிந்து, ராத்திரி பகலாக அழுது பிள்ளைகள் வாடின. 1950-களில் அந்தப் பொடி நின்ற பிறகுதான் அந்த நோயே மறைந்தது. சம்பந்தியம்மா ஆசையாக வசம்பு இழைத்து நாக்கில் வைக்கலாமா என்று கேட்டால் பக்குவமாக வேண்டாமென்று சொல். தேனும் ஒரு வயசுக்கு முன்னால் கூடாது.

தூங்கட்டும் என்று சளி, இருமல் சிரப் ஊற்றுகிறவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். நீ தொடாதே. 2025-ல் நம் காஞ்சிபுரத்துப் பக்கம் தயாரான ஒரு இருமல் சிரப்பைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் பிள்ளைகள் செத்தது உனக்குத் தெரியும். வலி தாங்காமல் துடித்தால் பாரசிட்டமால் உண்டு. ஆனால் பாப்பாவின் எடையைச் சொல்லி டாக்டரிடம் அளவு கேட்டு வாங்கு. டிராப்ஸ் பாட்டிலில் ஒரு மில்லிக்கே 100 மில்லிகிராம், சிரப்பில் ஐந்து மில்லிக்கு 120-ஓ 125-ஓ 250-ஓ இருக்கும். தூக்கக் கலக்கத்தில் இதற்கு அந்த அளவை ஊற்றினால் வம்பு. வீட்டில் ஒரே பாட்டில்தான் இருக்க வேண்டும்.

இப்போது என் கதை. 1986-ல் உன் அண்ணனுக்கு எட்டு மாசம். வயிற்றாலே போனது. "பல்லு மொளைக்குது, அப்படித்தான் போவும்" என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். அப்போது பிரசவ ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி பார்த்த நானும் தலையாட்டினேன். மூன்றாம் நாள் விடியற்காலையில் அவன் அழுதான், கண்ணீர் வரவில்லை. உச்சிக்குழி உள்வாங்கியிருந்தது. அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். இரண்டு நாள் பாட்டில் ஏற்றித்தான் பிழைத்தான். அந்தக் குற்றம் இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை. பல்லால் பேதி வராது. வயிற்றில் இருக்கும்போது நீ கொடுத்த எதிர்ப்புச் சக்தி ஆறு மாசத்தில் குறைகிறது, அதே சமயம்தான் பிள்ளை தரையில் கிடப்பதையெல்லாம் வாயில் வைக்கிறது, சோறும் ஆரம்பிக்கிறோம். காரணம் அங்கே இருக்கிறது. பேதி என்றால் அன்றைக்கே ஓ.ஆர்.எஸ். கரைத்துக் கொடு, தாய்ப்பாலை நிறுத்தாதே, ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஜிங்க் மாத்திரை தருவார்கள், பேதி நின்றாலும் 14 நாளும் கொடுத்து முடி. சூடு 100.4 டிகிரியைத் தாண்டினாலும், பால் குடிக்க மறுத்தாலும், துவண்டு கிடந்தாலும் டாக்டரைப் பார்.

நம்ம பக்கத்துக்கென்று இன்னொன்று சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தபோது, தூங்கின பிள்ளைகளை வாரிக்கொண்டு சனம் ரோட்டுக்கு ஓடியது. உன் வீட்டிலும் காற்று திரும்பினால் நெடி வருகிறது. ராத்திரி பாப்பா திடீரென்று இருமி, கண்ணில் தண்ணீர் வந்து அழுதால், பல் என்று நினைக்காமல் முதலில் மோந்து பார். மூக்கு எரிந்தால் நனைத்த துணியை உன் மூக்கில் கட்டிக்கொண்டு, பிள்ளையை அணைத்தபடி காற்று வருகிற திசைக்குக் குறுக்கே விலகிப் போய்விடு.

இதற்கெல்லாம் மேலே நான் சொல்ல வந்தது உன் தூக்கத்தைப் பற்றி. விம்கோ நகரிலிருந்து காசிமேடு வரைக்கும் ஷிப்டு தெரியாத வீடு கிடையாது. ரிலீவர் வராமல் மிஷினை விட்டு யாரும் போகமாட்டார்கள். அதே மாதிரி, மூன்று ஷிப்டும் ஒரே ஆளை நிற்கவைக்கவும் மாட்டார்கள். உன்னை மட்டும் மூன்று வாரமாக நிற்கவைத்திருக்கிறார்கள். யாரையும் குறை சொல்லவில்லை, யாரும் யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாப்பிள்ளைக்குக் காலை ஷிப்டு வாரத்தில் ராத்திரி ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் பாப்பா அவர் தோளில். நீ ஒன்பது மணிக்குப் பால் கொடுத்துவிட்டு அந்த மூன்று மணி நேரமும் வேறு அறையில் படு. சம்பந்தியம்மா தண்ணீர் பிடிக்க நாலு மணிக்கே எழுந்துவிடுகிறார்கள். தண்ணீர் பிடித்த கையோடு ஏழு மணி வரைக்கும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல். நீ கூச்சப்படுவாய் என்று தெரியும், அவர்களிடம் நானே பேசுகிறேன். உங்கம்மா காசிமேட்டில் ஏலம் எடுத்து மீனை விற்றுவிட்டுப் பத்து மணிக்குத் திரும்புகிறாள். குளித்துவிட்டு உன் வீட்டுக்கு வந்து ஒரு மணி வரைக்கும் தூளியை ஆட்டட்டும். மாப்பிள்ளைக்கு நைட் ஷிப்டு வந்தால் பகல் தூக்கத்தை அவர் விடக்கூடாது, பைக்கில் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வருகிறவர். அந்த வாரத்துக்கு நான் இருக்கிறேன். தூளியையும் தரைக்குப் பக்கமாக இறக்கிக் கட்டச் சொல். பாப்பா உட்கார ஆரம்பித்துவிட்டாள்.

ராத்திரி அவள் அழுகையில் உனக்கு ஆத்திரம் பொங்கினால் உன்னை ராட்சசி என்று நினைத்துக்கொள்ளாதே. பாயில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு வாசலில் ஐந்து நிமிஷம் நின்றுவிட்டு வா. ஐந்து நிமிஷம் அழுவதால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது, குலுக்கினால்தான் ஆபத்து. பாப்பா தூங்குகிற நேரத்திலும் உனக்குத் தூக்கம் வராமல், அழுகையும் வெறுப்பும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் 14416-க்குப் போன் போடு, அது டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண். பிரசவத்துக்குப் பிறகு மனசு சோர்வதை வார்டில் எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன். மருந்தாலும் பேச்சாலும் சரியாகிற விஷயம் அது.

சனிக்கிழமை சாயங்காலம் மெட்ரோவில் திருவொற்றியூர் தேரடியில் இறங்கி வருகிறேன். நெத்திலிக் கருவாடு கொண்டுவருகிறேன், நீ சோறு மட்டும் வடித்து வை. அன்றைக்கு ராத்திரி ஷிப்டு என்னுடையது. பால் வேண்டுமென்றால் மட்டும் உன்னை எழுப்புவேன்.

அன்புடன்,
பெரியம்மா
ராயபுரம்