மழைத்துளியின் கணக்கு

அன்புள்ள கயல்,

மாடியில் சோலார் தகடு மாட்டியதிலிருந்து தினமும் யூனிட் குறித்து வைக்கிறாயாமே, அப்பா சொன்னார். ஐப்பசி மழையில் அது சரிந்ததும், "தகட்டின் மேல் விழுகிற மழையிலேயே கரன்ட் எடுக்க முடியாதா அத்தை?" என்று எழுதியிருந்தாய். முடியும். செய்தும் காட்டியிருக்கிறார்கள்.

2018இல் சீனாவின் சூசோ பல்கலைக்கழகத்தில் சிலிக்கான் சூரியத் தகட்டின் மேல் ஒளி புகும் மெல்லிய படலம் ஒன்றைப் போர்த்தினார்கள். வெயிலில் தகடு வேலை செய்யும், மழையில் படலம் வேலை செய்யும். 2020இல் ஹாங்காங் சிட்டி பல்கலைக்கழகத்தின் வாங் சுவான்காய் குழு இன்னும் வலுவான கருவியைச் செய்தது. நான்-ஸ்டிக் தோசைக்கல்லில் பூசுவார்களே, அதே டெஃப்லான்தான் அதன் மேற்பரப்பு. துளிகள் விழுந்து விழுந்து அதில் மின்னூட்டம் சேர்கிறது. அடுத்த துளி பரவி, ஓரத்தில் உள்ள அலுமினியத்தைத் தொட்டதும் சுற்று பூர்த்தியாகி மின்சாரம் பாய்கிறது. 15 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விட்ட ஒரே துளியில் 140 வோல்ட்டுக்கு மேல் கிடைத்தது; 100 குட்டி எல்.இ.டி. விளக்குகள் மின்னின.

140 வோல்ட் என்றதும் மயங்கிவிடாதே. வோல்ட் என்பது அழுத்தம் மட்டுமே. எவ்வளவு மின்னோட்டம், எவ்வளவு நேரம் என்பதையும் சேர்த்துப் பெருக்கினால்தான் ஆற்றல் தெரியும். அந்த விளக்குகள் மின்னியது கண்ணிமைக்கும் நேரந்தான்.

இனி உன் மாடிக்கு வா. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1400 மில்லிமீட்டர் மழை. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் பெய்தால் 1 லிட்டர், அதாவது 1 கிலோ. ஆக, ஆண்டுக்கு 1400 கிலோ தண்ணீர். வேகத்தைத் தாராளமாகவே விநாடிக்கு 8 மீட்டர் என்று வைத்துக்கொள். நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கு: 44,800 ஜூல். ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். ஓராண்டு மழையைத் துளிகூட வீணாக்காமல் பிடித்தாலும், உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் தகடு நான்கு நிமிடத்தில் தருவதைத் தாண்டாது!

இவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தும் ஏன் இப்படி? வழியெல்லாம் காற்று தடுத்துத் தடுத்து ஆற்றலைப் பிடுங்கிக்கொள்கிறது. நீலகிரியில் பெய்யும் மழை அப்படியில்லை. அணையில் தேங்கி, குழாய்க்குள் அடைபட்டு இறங்குகிறது. 1932இல் இயங்கத் தொடங்கிய பைக்காரா மின்நிலையத்துக்குத் தண்ணீர் 900 மீட்டருக்கு மேல் இறங்கி வந்தது. அதே 1400 கிலோ அங்கே இறங்கினால் மூன்று யூனிட்டுக்கு மேல் ஆற்றல்; உன் மாடிக் கணக்கைப் போல இருநூறு மடங்குக்கும் அதிகம். மழையில் கரன்ட் எடுக்க மலைதான் சரியான இடம் என்பேன்.

அதற்காக அந்தப் படலம் வீண் என்று நினைக்காதே. காட்டிலும் வயலிலும் மழையை அளக்கும் சின்ன உணரிகளுக்கு வேண்டியது மிகச் சொற்ப மின்சாரம். பேட்டரி மாற்ற ஆள் போக முடியாத இடத்தில் துளியே அதைத் தருமானால் பெரிய உதவி. என் நம்பிக்கை அந்தப் பக்கம்தான்.

அடுத்த மழைக்கு, அடியும் வாயும் ஒரே அகலமுள்ள டப்பா ஒன்றை மாடியில் திறந்தவெளியில் வை. மழை விட்டதும் ஸ்கேலால் தண்ணீரின் உயரத்தை அளந்து, மேலே சொன்னபடி ஜூலாக மாற்று. அன்றைய சோலார் யூனிட்டையும் பக்கத்தில் எழுதி எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அத்தை