களரியும் அண்ணாவியாரும்: மட்டக்களப்புக் கூத்துப் பயிற்சி முறை

மட்டக்களப்பு வாவியின் இரு மருங்கிலும் வாழும் மக்கள், கதிரவன் எழும் பக்கத்தை எழுவான்கரை என்றும், படும் பக்கத்தைப் படுவான்கரை என்றும் வழங்குவர். இவ்விரு கரையூர்களிலும் கூத்தாடாத ஊரைக் காண்டல் முன்னாளில் அரிதாயிருந்தது. கூத்தைப் பற்றி எழுதப் புகுந்தோர் பலரும் அரங்கேற்ற இரவின் ஒளியையும் ஒலியையும் வியந்து எழுதினர். அவ்வோர் இரவுக்கு முன்னர்க் கழிந்த பல மாத இரவுகளைப் பற்றி விரித்துரைத்தோர் மிகச் சிலரே. கூத்தின் கல்வி அவ்விரவுகளிலேயே நிகழ்கின்றது. அதனை ஒரு கல்வி முறையாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கல்லூரி மலரொன்றில் இப்பொருள் இடம்பெறுவது பொருத்தமேயாம்.

மட்டக்களப்புக் கூத்து வடமோடி, தென்மோடி என இருவகைப்படும். வடமோடி பெரும்பாலும் பாரத, இராமாயணக் கதைகளைக் கொண்டு போரில் முடிவது. ஆட்டத்தில் வீறு மிக்கது. தென்மோடியில் பாட்டின் நயம் மேலோங்கும். இவற்றின் வேறுபாடுகளை அறிஞர் பலர் விளக்கியிருத்தலின் ஈண்டு விரிக்க வேண்டுவதில்லை. இரண்டிலும் பயிற்றும் முறை ஏறத்தாழ ஒன்றே.

வேளாண்மை வெட்டி, நெல் வீடு சேர்ந்து, ஊரார்க்குச் சிறிது ஓய்வு கிடைக்கும் காலத்தில், 'இவ்வாண்டு கூத்துப் போடுவோம்' என்னும் பேச்சு எழும். ஊர்ப் பெரியோர் கூடி, இன்ன கூத்து, இன்ன அண்ணாவியார் எனத் துணிவர். பின்னர் நல்ல நாளொன்றில் சட்டங்கொடுத்தல் நடைபெறும். சட்டம் என்பது ஒருவன் ஏற்கும் பாத்திரத்துக்குரிய பாட்டும் வசனமும் எழுதிய ஏடு. ஏட்டின் இடத்தைப் பின்னாளில் கொப்பி பிடித்துக்கொண்டது. பெயர் மட்டும் மாறவில்லை. இளைஞனின் குரலையும் உடற்கட்டையும் நோக்கி, இவன் அரசனுக்கு ஆவான், இவன் கட்டியகாரனுக்கு ஆவான் என அண்ணாவியார் தெரிவு செய்வார். கருணனும் வீமனுமாக வர விரும்புவோர் பலராகவும், வேடங்கள் சிலவாகவும் இருத்தலின், மனத்தாங்கல் எழுவதும் உண்டு. அதனைத் தீர்க்கும் திறனும் அண்ணாவியாரின் புலமையுள் அடங்கும்.

அதன்பின் இரவுதோறும் பழக்கம் தொடங்கும். பகலெல்லாம் வயலிலும் வாவியிலும் உழைத்தவர்கள் இராச்சோறு உண்டபின் களரியில் வந்து கூடுவர். களரி என்பது வட்டமாக அமைந்த ஆடுகளம். மத்தளமும் சல்லரியும் அதன் நடுவே இருக்க, ஆடுவோர் சுற்றிச் சுழன்று ஆட, ஊரார் நாற்புறமும் சூழ்ந்திருப்பர். முதலிற் கற்பிக்கப்படுவது தாளக்கட்டு. அண்ணாவியார் அதை வாயாற் சொல்லி மத்தளத்தில் வாசிக்க, மாணவன் அதைக் காலால் திருப்பிச் சொல்ல வேண்டும். நாலடி, எட்டு, வீசாணம், பொடியடி, குத்துமிதி, பாய்ச்சல் என ஆட்டக் கூறுகள் ஒவ்வொன்றாக உடம்பில் ஏறும். பாட்டுப் பின்னர் வரும். ஆடிக்கொண்டே பாடுதல் அதற்கும் பின்னர்; மூச்சை அடக்கி ஆளுதல் கைவந்தாலன்றி அது இயலாது. எழுதிப் படித்து இதனைக் கற்றார் ஒருவருமில்லை.

இப்பழக்கத்துக்கு ஊர் வெறும் பார்வையாளராக இருப்பதில்லை. முன்னர் அதே வேடத்தை ஆடிய முதியவர் ஓரத்திலிருந்து, 'அடி பிழைத்தது, தம்பி' என்பார். பாயில் உறங்கும் குழந்தையும் உறக்கத்திலேயே தாளம் கேட்கும். களரியைச் சுற்றி ஓடித் திரியும் சிறுவர்க்கு, அரங்கேற்றத்துக்கு முன்னரே கூத்தின் பாதி மனப்பாடமாகிவிடும். அவரே பத்தாண்டு கழித்துச் சட்டம் வாங்க வருவோர். ஆதலின், ஒரு கூத்துப் பழகும்போது அடுத்த தலைமுறையின் பயிற்சியும் உடன் நடைபெறுகின்றது என்பது அறியற்பாலது.

தேர்வுகளும் உண்டு. கால் பதமானபின் சதங்கை அணிதல் ஒரு சடங்காகவே நிகழும். சதங்கை பூண்டபின் பிழையை மறைத்தல் இயலாது. தவறிய அடியைச் சதங்கையே காட்டிக் கொடுத்துவிடும். அதன்பின் அடுக்குப் பார்த்தல்; கூத்து முழுவதையும் தொடர்ச்சியாக ஆடி, குறை நிறை காண்பர். ஈற்றில் அரங்கேற்றம், மாலை தொடங்கி விடியும்வரை. அதுவும் முடிவன்று. வீட்டுக்கு வீடு சென்று ஆடி, ஊரார் அளிக்கும் அன்பளிப்பைப் பெற்று, அண்ணாவியார்க்குரிய மரியாதையையும் கூத்துச் செலவையும் நிறைவு செய்வர். மாணவரைத் தெரிதலும், கற்பித்தலும், தேர்வும், பட்டமளிப்பும், பொருள் தேடலும் ஆகிய அனைத்தையும் வெளியார் ஒருவரது உதவியுமின்றி ஓர் ஊரே நடத்துகின்றது. பாடசாலையின் இலக்கணம் இதனின் வேறு யாது?

இம்முறையின் தனித்தன்மை ஒப்புநோக்கின் தெளிவாகும். தமிழகத்தின் புரிசை முதலிய ஊர்களில் தெருக்கூத்து, பரம்பரையாக ஆடிவரும் குழுவினரின் கலை. பயிற்சி அக்குழுவுக்குள்ளே நிகழ்வது. கேரளத்தில் கதகளி நலிந்தபோது மகாகவி வள்ளத்தோள் 1930ஆம் ஆண்டில் கலாமண்டலத்தை நிறுவி, ஆசானையும் மாணவனையும் ஒரு வளாகத்துள் கொணர்ந்தார். மட்டக்களப்பிலோ ஆடுவோர் உழவரும் மீன்பிடிப்போரும் தொழிலாளருமே. கூத்து அவர்க்குப் பிழைப்பன்று. ஊரே குழு, ஊரே வளாகம். ஆதலின் ஊர் குலைந்தால் பள்ளியும் உடன் குலையும். அதுவே நேர்ந்தது.

அதற்கு முன்னர் வேறொரு மாற்றமும் நிகழ்ந்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு கூத்தை நகர மேடைக்குக் கொணர்ந்தார். 1962இல் 'கர்ணன் போர்', 1964இல் 'இராவணேசன்' என்பன ஆடப்பெற்றன. வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் மாணவர்க்கு ஆட்டம் பழக்கினார். விடியும்வரை ஆடிய கூத்து ஓரிரு மணி நேரத்துள் சுருங்கியது. நாற்புறமும் பார்த்த களரி ஒருபுறம் மட்டும் பார்க்கும் மேடையாயிற்று. படித்தவர் இகழ்ந்த கலைக்கு மதிப்புத் தேடித் தந்தது அம்முயற்சியே என்பதை மறுத்தல் நன்றி மறத்தலாகும். அக்களத்திற் பயின்ற சி. மௌனகுரு பின்னர்ப் பேராசிரியராகி, இக்கூத்துக்களை விரிவாக ஆராய்ந்து 1998இல் நூலாக வெளியிட்டார். ஆயின், மேடைக்கு வந்தது ஆட்டமே. ஊர்ப்பள்ளி ஊரிலேயே கவனிப்பாரின்றி நின்றது.

1983க்குப் பின் நேர்ந்த போர்க்காலத்தில் இரவிற் கூடுதலே அச்சத்துக்குரியதாயிற்று. ஊரடங்குச் சட்டம் உள்ள இரவில் மத்தளம் ஒலிப்பது எங்ஙனம்? 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை கரையோர ஊர்களை அழித்தது. 2006, 2007ஆம் ஆண்டுகளில் படுவான்கரை மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். சட்டம் வாங்க வேண்டிய இளைஞர் பலர் மத்திய கிழக்கு நாடுகளில் வேலை தேடிச் சென்றனர்.

இந்நிலையில், நகரை அடுத்த சீலாமுனை என்னும் சிற்றூரில் 2002ஆம் ஆண்டளவில் தொடங்கிய கூத்து மீளுருவாக்க முயற்சி குறிப்பிடத்தக்கது. கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த சி. ஜெயசங்கரும், 'மூன்றாவது கண்' என்னும் உள்ளூர் அறிவுத்திறன் குழுவினரும் ஊராரோடு கூடி இதனைச் செய்தனர். கூத்தை நகர மேடைக்கு எடுத்துச் செல்லாது, களரியிலேயே வைத்து, பழைய கதைகளில் இக்காலத்துக்கு ஒவ்வாத சாதி, பெண் பற்றிய கருத்துக்களை அண்ணாவியாரும் ஆடுவோரும் ஊராருமே விவாதித்து மாற்றுதல் அவர் கொண்ட நெறி. கற்றவர் திருத்தித் தர ஊரார் ஆடுவது என்னும் முறையினின்றும் இது வேறானது. விவாதம் நீளும், பழக்கமும் நீளும். அந்த நீட்சியைக் குறையென்று கருதுவார்க்குக் கூத்துப் பயிற்சியின் இயல்பு விளங்கவில்லை என்றே கூற வேண்டும்.

இன்று பாடசாலைகளில் நாடகமும் அரங்கியலும் ஒரு பாடம். சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் கிழக்குப் பல்கலைக்கழகமும் பட்டம் அளிக்கின்றன. மூன்று நாட் பயிற்சிப் பட்டறைகளும் ஆங்காங்கே நடைபெறுகின்றன. இவற்றால் ஆடுவோர் கிடைப்பர். அண்ணாவியார் கிடைப்பாரா என்பதே என் ஐயம்.

அண்ணாவியாரை ஆக்குவதற்கெனத் தனி வகுப்பு எந்நாளும் இருந்ததில்லை. ஒருவன் சிறுவயதிற் களரியோரம் ஓடித் திரிகிறான், இளமையில் ஐந்தாறு கூத்தில் ஆடுகிறான், பின் பக்கப்பாட்டுப் பாடுகிறான், சல்லரி போடுகிறான், கொப்பி பார்க்கிறான், முதியவர் களைத்த இரவில் மத்தளத்தைத் தன் மடிக்கு வாங்குகிறான். இவ்வாறு எல்லாப் பாத்திரத்தின் பாட்டும் தாளமும் அவனுள் சேர இருபதாண்டு செல்லும். ஓர் ஊரில் பத்தாண்டு கூத்து நின்றால், ஆடுவோர் வரிசையில் ஏற்படும் இடைவெளியைப் பிறகு நிரப்பலாம். அண்ணாவியார் வரிசையில் ஏற்படும் இடைவெளி அத்துணை எளிதில் நிரம்பாது. ஒளிப்பதிவில் ஆட்டம் பதியும். பிழைத்த அடியைக் கண்டு மத்தளத்தை நிறுத்தும் காது பதியாது.

ஆதலின் உதவ விரும்பும் சங்கங்கள், அரங்கேற்ற இரவின் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் தரும் பொருளிற் பாதியை, அண்ணாவியாரின் பக்கத்தில் இருந்து பழகும் இருவர்க்கு உதவுதொகையாக வழங்கலாம். அவ்விருவருள் ஒருத்தி பெண்ணாயிருத்தல் நன்று. ஆண்களே பெண்வேடமும் பூண்ட களரியில் இன்று பெண்களும் ஆடத் தொடங்கிவிட்டனர், மத்தளம் மட்டும் ஏன் எட்டாதிருக்க வேண்டும்? கறையானுக்கு இரையாகும் கொப்பிகளைப் படியெடுக்கும் பணியை உயர்தர வகுப்பு மாணவரே செய்யலாம். படியெடுத்ததை அண்ணாவியார் முன் படித்துக் காட்டித் திருத்திக்கொள்ளல் வேண்டும். தாளம் தட்டாமற் படித்தால் அவர் நிறுத்திவிடுவார். அங்கேயே முதற்பாடம் தொடங்கிவிடும்.