பெட்டியைப் பிரிக்காமல் பழுது காணல்

பங்குனி மாதம் புனர்பூச நட்சத்திரத்தன்று எங்கள் திருமழபாடியில் நந்தியெம்பெருமானுக்கும் சுயசாம்பிகைக்கும் திருக்கல்யாணம் நடைபெறுவதும், நந்தி கல்யாணம் கண்டவர்க்கு முந்திக் கல்யாணம் என்ற நம்பிக்கையோடு விவாகம் தடைப்பட்ட வாலிபர்களும் கன்னியரும் கொள்ளிடக் கரைக்குத் திரளாக வந்து சேர்வதும் பலரும் அறிந்த விஷயம். அந்த விசேஷத்துக்கு இரண்டு நாள் இருக்கையில்தான், எட்டு மாதங்களுக்கு முன் சென்னையில் ஒரு கடையில் புதிதாக வாங்கிய என் கிதார் ஆம்ப், முகப்பு விளக்கு எரிய, உள்ளே வால்வுகள் செம்மஞ்சளாகக் கனிய, ஒரு சிறு இரைச்சலும் இல்லாமல் பரிபூரண மௌனத்தில் ஆழ்ந்தது.

கல்யாணத்தன்று இரவு எங்கள் தெருவில் கச்சேரி. பதற்றத்தில் நான் செய்த முதற்காரியம் ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுத்ததே. வால்வு செட் காலத்திலிருந்து மைக் செட் தொழிலில் ஊறியவரும், சிறுவயதில் எனக்கு ஈயப்பற்று வைக்கக் கற்றுக்கொடுத்தவருமான ரேடியோக்கடை அண்ணன் அந்த நேரத்தில் வந்திராவிட்டால், அன்றே பின்பலகையைக் கழற்றியிருப்பேன்.

“தம்பி, அதைக் கீழே வை. சீல் பிரிஞ்சா வாரண்டி போகும். உள்ளே கண்டென்சர்ல கை பட்டா ஆளே போயிடும்” என்றார்.

அவர் சொன்னதில் ஓரெழுத்தும் மிகையில்லை. வால்வின் இழையைச் சூடாக்குவதற்குப் பெரும்பாலும் 6.3 வோல்ட் போதுமாயினும், அதன் தகட்டுக்குச் செல்லும் உயர்மின்னழுத்தம் சாதாரணமாக 300 முதல் 450 வோல்ட் வரை இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பின்பும் அந்த அழுத்தம் கண்டென்சர்களில் தேங்கி நின்று, அணைத்துவிட்டோம் என்று நம்பித் தொட்டவனைத் தாக்க வல்லது. ஆகையால் வாரண்டிக் காலத்தில் உடைமையாளனுக்கு உரிய பரிசோதனை எல்லாம் பெட்டிக்கு வெளியே நிகழவேண்டியவை. அந்த எல்லைக்குள்ளேயே எவ்வளவு தெரிந்துகொள்ள முடியும் என்பதை அன்று மாலைதான் நான் பிரத்தியட்சமாகக் கண்டேன்.

எளியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிதாரின் ஒலிக் குமிழ் திறந்திருக்கிறதா, உள்ளே பாட்டரி உள்ள கிதாராயின் அது தீர்ந்துபோயிற்றா, ஸ்டாண்ட்பை சுவிட்ச் வாசிக்கும் நிலையில் இருக்கிறதா, கேபிளை மாற்றினால் ஒலி வருகிறதா என்பவை ஐந்து நிமிஷ வேலை. நல்ல நிலையிலுள்ள ஆம்ப்பில் கேபிளை மட்டும் செருகி, அதன் மறுமுனைக் கூரை விரலால் தொட்டால் “உம்” என்று ஒரு ரீங்காரம் எழும். என்னுடையதில் அதுவும் எழவில்லை.

அடுத்து அண்ணன் பின்புறத்தில் ‘செண்ட்’, ‘ரிட்டர்ன்’ என்று குறித்த இரண்டு ஜாக்குகளுக்கு வந்தார். எஃபெக்ட் கருவிகளை இடையில் இணைப்பதற்காக அமைத்த வழி அது. எதுவும் செருகாதபோது ரிட்டர்ன் ஜாக்கினுள் இருக்கும் ஒரு சிறு உலோக நாக்குதான் ஒலியை முன்பகுதியிலிருந்து பின்பகுதிக்குக் கடத்துகிறது. எங்கள் ஊரைப்போல் ஆற்றங்கரை ஈரமும் புழுதியும் கலந்த இடங்களில் அந்த நாக்கில் களிம்பு ஏறிவிட்டால், மற்ற அவயவங்கள் யாவும் ஆரோக்கியமாக இருந்தும் ஆம்ப் ஊமையாகிவிடும். ஒரு சிறு கேபிளால் அவ்விரண்டு ஜாக்குகளையும் இணைத்துப் பார்த்து, ஒலி திரும்பினால் நோய் அங்கேதான் என்று நிச்சயிக்கலாம். கிதாரை நேரே ரிட்டர்னில் செருகும்போது ஒலி கேட்டால், பழுது முன்பகுதியைச் சேர்ந்தது என்று கொள்ளலாம். இரண்டையும் செய்தோம், பயனில்லை.

பிறகு ஆம்ப்பை அணைத்து, ஸ்பீக்கர் கேபிளை அதிலிருந்து கழற்றி, டார்ச் லைட்டின் 1.5 வோல்ட் செல் ஒன்றை அதன் பிளக்கில் ஒரு கணம் தொட்டு எடுத்தார். “டப்” என்று ஸ்பீக்கர் பதில் சொல்லிற்று; அதற்கும் அதன் கேபிளுக்கும் குறையில்லை. கழற்றிய பிளக்கை அவர் உடனே மீண்டும் செருகியதை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். ஸ்பீக்கர் இணையாமல் வால்வு ஆம்ப்பை வாசித்தால், வெளியேற வழியற்ற சக்தி அவுட்புட் டிரான்ஸ்பார்மரில் மிகையான மின்னழுத்தமாக எழும்பி அதையே எரித்துவிடக்கூடும். டிரான்ஸிஸ்டர் ஆம்ப்பில் பழகியவர்கள் இந்த வேற்றுமையை அறியாமலே விலையுயர்ந்த டிரான்ஸ்பார்மரைப் பலிகொடுத்துவிடுகிறார்கள்.

அதன்பின் அவர் பெட்டியின் முன் காதை வைத்து, “மூச்சே இல்லையே” என்றார். உயிருள்ள வால்வு ஆம்ப்பில், ஒலிக் குமிழை ஏற்றினால், யாரும் வாசிக்காதபோதும் மெல்லிய சீறல் ஒன்று கேட்கும். வால்வு கனிகிறது, ஸ்பீக்கர் நலம், ஆயினும் மூச்சில்லை என்றால், இழைக்கு மின்சாரம் போய்ச் சேர்ந்திருந்தும் தகட்டுக்கு உயர்மின்னழுத்தம் போய்ச் சேரவில்லை என்று அவர் ஊகித்தார். வால்வு எரிவதைக் கண்டு வால்வு நலம் என்று அதுவரை நம்பியிருந்த எனக்கு அது புதிய பாடம். என் ஆம்ப்பின் பின்புறத்தில் மெயின் பியூஸ் தவிர, உயர்மின்னழுத்தத்துக்கென்று தனியாக இன்னொரு பியூஸும் வெளியிலிருந்தே திருகி எடுக்கும்படி இருந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதை எடுத்து மீட்டரில் வைத்தோம், அறுந்திருந்தது.

பியூஸ் மாற்றுவதைக் கையேடு அனுமதித்தபடியால், அதே ஆம்பியரும் அதே ‘டி’ என்ற எழுத்தும் பொறித்த புதிய பியூஸைப் போட்டோம். அந்த எழுத்து தாமதித்து அறுபடும் வகையைக் குறிப்பது. அந்த இடத்தில் விரைந்து அறுபடும் ‘எஃப்’ வகையைப் போடலாகாது. ஸ்டாண்ட்பையைத் தட்டிய கணமே புதியதும் பளிச்சென்று போயிற்று. நான் மூன்றாவதை எடுக்கக் கையை நீட்டினேன். “ரெண்டாவது போச்சுன்னா உள்ளே எங்கேயோ ஷார்ட்டுன்னு அர்த்தம். நிறுத்து” என்றார். சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றியோ, தாமிரக் கம்பியை முறுக்கியோ பியூஸுக்குப் பதிலாக வைக்கும் வழக்கம் நம் கிராமங்களில் இன்னும் இருக்கிறது. அப்படிச் செய்து பவர் டிரான்ஸ்பார்மர் எரிந்த பெட்டிகளைத் தம் கடையில் எத்தனையோ பார்த்திருப்பதாக அவர் சொன்னார்.

 

அன்றிரவே தேதி, நேரம், செய்த பரிசோதனை, கண்ட பலன் ஆகியவற்றை வரிசையாக எழுதி, பில்லின் நகலோடும், சீரியல் எண்ணும் குலையாத சீலும் தெரியும்படி எடுத்த படங்களோடும் விற்ற கடைக்கு அனுப்பினேன். “நீங்கள் உள்ளே கை வைத்திருப்பீர்கள்” என்றுதான் முதலில் பதில் வந்தது. படங்களைச் சுட்டிக்காட்டியதும் அந்தப் பேச்சு நின்றது. சர்வீஸ் சென்டரில் பிரித்துப் பார்த்தபோது, இரண்டு அவுட்புட் வால்வுகளில் ஒன்று உட்புறம் ஷார்ட் ஆகி, அதனோடு சேர்ந்த ரெஸிஸ்டர் ஒன்றும் கருகியிருந்தது. வால்வுகளுக்கு மூன்று மாத வாரண்டியே உண்டு என்பது அட்டையில் சிற்றெழுத்தில் இருந்ததை நான் வாங்கிய நாளில் படிக்கவில்லை. பல நிறுவனங்களின் நியமம் இதுவே. ஆகவே வால்வின் விலையை நான் கொடுத்தேன். ரெஸிஸ்டரும் கூலியும் வாரண்டியில் அடங்கின. அது நியாயமான தீர்ப்பு என்றே கருதுகிறேன்.

நியாயம் கிட்டாதவர்கள் சோர்ந்துவிட வேண்டாம். 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பொருளை எந்த ஊரில் வாங்கியிருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே, வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் முறையிடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் கட்டணமும் இல்லை. அதற்கு முன் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைத்துப் பார்க்கலாம்.

நந்தி கல்யாணத்தன்று கிதாரை டிஐ பெட்டி வழியாக மைக் செட்டுக்காரரின் மிக்ஸரில் சேர்த்து வாசித்தேன். கேட்டவர்கள் குறை சொல்லவில்லை. வால்வு ஏன் கெட்டது என்பதற்கு நானும் அண்ணனும் கண்ட ஒரே காரணம், அதற்கு நான்கு நாள் முன் திருமானூரில் கச்சேரி முடிந்த நள்ளிரவில், கை பொறுக்காத சூட்டோடு ஆம்ப்பை மினி லாரியில் ஏற்றி, குண்டும் குழியுமான சாலையில் கொண்டுவந்ததுதான். சூட்டில் தளர்ந்திருக்கும் வால்வின் உள்ளுறுப்புகள் குலுக்கலைத் தாங்குவதில்லை. இப்போதெல்லாம் கச்சேரி முடிந்தவுடன் முதலில் ஆம்ப்பை அணைத்துவிட்டு, டிரம்ஸ், கீபோர்டு, ஸ்டாண்டுகள் யாவும் வண்டியில் ஏறிய பிறகு, கடைசியாகவே அதை ஏற்றுகிறோம்.