சந்தாவில் வாழும் செய்தி மடல்

1961 முதல் 1976 வரை 'பீஸ் கோர்' எனும் அமெரிக்க அமைப்பின் தொண்டர்கள் நம் நாட்டில் கோழி வளர்ப்பு முதலிய பணிகளில் ஈடுபட்டனர். பல நாடுகளில் பணியாற்றித் தாயகம் திரும்பிய அத்தொண்டர்கள் 1979-இல் தேசியச் சங்கம் கண்டனர். அவர்தம் வட்டாரக் குழுக்கள் பல, உறுப்பினர் சந்தாவைக் கொண்டே செய்தி மடல் நடத்தின.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை அடுத்த ஊர்களின் இளைஞர் மன்றங்களுக்கும் இம்முறை ஏற்றதாகும். இதழொன்றுக்கு 2,500 ரூபாய் செலவெனின், ஆண்டுக்கு நான்கு இதழ்களுக்கு 10,000 ரூபாய் வேண்டும். 200 உறுப்பினர் தலைக்கு 50 ரூபாய் அளித்தால் போதும். ஆலை நன்கொடையை மட்டும் நம்பிய மடல், ஆலைக் கழிவுநீரைப் பற்றி எழுதத் தயங்கும். சந்தாதாரரின் மடல் தயங்காது. சந்தாவுக்கு ரசீது தருக. வரவு செலவை மடலிலேயே அச்சிடுக. கணக்கு தெளிவாயின் மறு ஆண்டும் சந்தா வரும்.