மெஷினுக்கு முன்னால் ஒரு நோட்டு



ரசாயனம் இல்லாமல் விளைவிக்கப் பழகிவிட்டோம். அடுத்து நம் கூட்டங்களில் எல்லாரும் கேட்பது: "நெல்லாகக் கொடுக்காமல் அரிசியாக விற்றால் என்ன? கடலையைச் செக்கில் ஆட்டி எண்ணெயாக விற்றால் என்ன?" தாராளமாக விற்கலாம். ஆனால் அன்றையிலிருந்து நாம் வியாபாரியும்தான். உழவுக்கு வேண்டிய பொறுமை நமக்கு இருக்கிறது. வியாபாரத்துக்கு வேண்டிய மனக்கட்டுப்பாட்டைத் தனியாகத்தான் பழக வேண்டும்.

வங்கிக் கடன் பிரிவில் பல வருஷம் உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். சிறு தொழில்கள் நொடித்துப் போவதற்குப் பெரிய காரணம், மனசு சூடாக இருக்கும்போது எடுக்கிற முடிவு. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் 50 கிலோ விற்றுவிட்டால் மறுநாளே மெஷின் விலை விசாரிக்கக் கிளம்பிவிடுவோம். இரண்டு மாதம் சரக்கு தேங்கினால் வந்த விலைக்குத் தள்ளிவிடுவோம். முதலாவது ஆசை, இரண்டாவது பயம். இரண்டிலுமே கணக்கு கிடையாது.

இதற்கு எனக்குத் தெரிந்த ஒரே மருந்து, மனசு அமைதியாக இருக்கும்போதே விதிகளை எழுதி வைத்துக்கொள்வது. ஒரு 40 பக்க நோட்டு போதும். அதில் ஐந்து பாடம்.

1. முதலில் இழப்பை எழுதுங்கள்

திருக்குறளில் 47-ஆம் அதிகாரம் தெரிந்துசெயல்வகை. ஒரு காரியத்தில் இறங்குமுன் எதை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று அதன் முதல் குறளில் வள்ளுவர் வரிசைப்படுத்துகிறார். முதலில் அழியப்போவது, பிறகு ஆகப்போவது, கடைசியில்தான் ஊதியம். நாம் தலைகீழாகப் போடுகிறோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விலைகள் பழகுவதற்காக எடுத்தவை. உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். 1,000 கிலோ தூயமல்லி நெல், கிலோ 30 ரூபாய் என்றால் 30,000 ரூபாய். அரைத்தால் 600 கிலோ அரிசி கிடைப்பதாக வைப்போம். கிலோ 75 ரூபாய் என்றால் 45,000. அடேயப்பா, 15,000 லாபம் என்று தோன்றும். அவிக்க, காயவைக்க, அரைக்க 5,000. பை, கட்டுமானம் 2,000. வண்டி வாடகை 3,000. ஆக 10,000 போனது, மிச்சம் 5,000. இதில் 60 கிலோ வண்டு விழுந்து வீணானால் 4,500 போச்சு. கையில் நிற்பது 500 ரூபாய். தவிடும் உமியும் மாட்டுக்கும் வயலுக்கும் வரும், உண்மைதான். ஆனால் அறுவடை முடிந்ததும் கைக்கு வந்திருக்க வேண்டிய பணம் ஆறு மாதமாகச் சில்லறையாக வருகிறது. இதில் நம் வீட்டார் உழைப்புக்கு இன்னும் கூலி போடவில்லை.

இதைச் சொல்வது பயமுறுத்த அல்ல. முதல் போகத்தில் 200 கிலோ மட்டும் அரைத்துப் பாருங்கள். தவறினாலும் தாங்கும். 'இவ்வளவு போனால் தாங்குவேன்' என்ற தொகையை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

2. பத்து வீட்டைத் தேடுங்கள்

வியூகம் என்றால் பெரிய வார்த்தையாக நினைக்க வேண்டாம். யாருக்கு விற்கப் போகிறோம் என்று விதைக்கும் முன்பே தெரிந்திருப்பதுதான் அது. 600 கிலோவுக்குச் சென்னைக் கடை தேவையில்லை. ஒரு வீடு மாதம் 10 கிலோ வாங்கினால், பத்து வீடு ஆறு மாதத்தில் தீர்த்துவிடும். பக்கத்து டவுனில் ஆசிரியர், செவிலியர், மளிகைக்காரர் என்று பத்துப் பேரைப் பிடியுங்கள். பெயர்களை நோட்டில் எழுதுங்கள். பத்துப் பெயர் எழுத முடியவில்லை என்றால் 1,000 கிலோ அரைக்க வேண்டாம்.

3. கடனின் வயசும் பொருளின் வயசும்

இது வங்கிக்காரன் பாடம். பயிர்க்கடன் அறுவடைக்குப் பின் திருப்ப வேண்டிய பணம். செக்கோ அரவை மெஷினோ போட்ட முதலைத் திருப்பித் தர நாலைந்து வருஷமாவது ஆகும். பயிர்க்கடனை எடுத்து மெஷினில் போட்டால், தவணை வரும் நாளில் மெஷினை அறுவடை செய்ய முடியாது. குறித்த நாளில் கட்டாவிட்டால் வட்டிச் சலுகையும் போய்விடும். பிறகு நகை அடகுக்குப் போகும். மெஷினுக்கு வேண்டுமானால் தவணைக் கடன்தான் கேட்க வேண்டும்.

மானியம் இருக்கிறதே என்பார்கள். 2020-இல் தொடங்கிய மத்திய அரசின் குறு உணவு பதப்படுத்தும் தொழில் திட்டத்தில் தனிநபருக்கு 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் என்று விதி வைத்தார்கள். 4 லட்சம் ரூபாய் மெஷினுக்கு 1,40,000 மானியம் என்றால் மீதி 2,60,000 நம் தலையில்தான். மானியம் இல்லாவிட்டாலும் இந்த மெஷினை வாங்குவேனா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 'வாங்க மாட்டேன்' என்று மனசு சொன்னால் விட்டுவிடுங்கள். அதுவரை பக்கத்து ஊர் மில்லில் கூலிக்கு அரைத்துக்கொள்ளலாம்.

4. 'இல்லைங்க' என்று சொல்லப் பழகுங்கள்

மனக்கட்டுப்பாட்டுக்கு உண்மையான பரீட்சை, வியாபாரம் நன்றாக நடக்கும்போதுதான் வரும். நம் அரிசி தீர்ந்துவிடும், போன் வந்துகொண்டே இருக்கும். "வெளியில் நாலு மூட்டை வாங்கி நம்ம பையில் போட்டா யாருக்குத் தெரியும்?" என்று மனசு கேட்கும். நாக்குக்குத் தெரியாமல் போகலாம். ஆனால் நம்மிடம் வாங்குகிறவர் காசு கொடுப்பது நம் பேச்சை நம்பித்தான். அந்தப் பேச்சு ஒருதடவை பொய்த்தால் பத்து வீடும் போய்விடும். ஊரில் மற்ற இயற்கை உழவர்களின் பெயரும் கெடும். "தீர்ந்துருச்சுங்க, தை அறுவடைக்குத் தர்றேன்" என்று சொல்லிவிடுங்கள். காத்திருப்பவர்தான் நம் வாடிக்கையாளர்.

கடன் வியாபாரத்துக்கும் இதே விதி. கடைக்காரர் பழைய பையின் பணம் கொடுத்த பிறகே அடுத்த பை. மாமன், மச்சானுக்குக் கொடுக்க ஆசையா? இனாமாகக் கொடுங்கள். கடனாகக் கொடுத்தால் பணமும் போகும், உறவும் கசக்கும்.

5. நிறுத்தும் நாளையும் குறியுங்கள்

இரண்டு போகம் நடத்தியும், வீட்டார் கூலியைக் கழித்த பிறகு நெல்லாக விற்றதைவிட அதிகம் நிற்கவில்லை என்றால் முறையை மாற்றுவேன் என்று இப்போதே எழுதுங்கள். நஷ்டத்துக்கு நடுவில் இதை யோசித்தால் ரோஷம் விடாது. 'ஊர் சிரிக்கும்' என்பதற்காகவே மேலும் முதல் போடுவோம். நிறுத்தினால் நிலம் நம்மிடம் இருக்கும், பழையபடி நெல்லாக விற்கலாம். நிலத்தை அடகு வைத்துவிட்டால் அந்த வழியும் இல்லை.

இந்த மாதப் பயிற்சி

இன்றைக்கே நோட்டை எடுங்கள். தாங்கும் இழப்பு, பத்துப் பெயர், கடன் விதி, 'இல்லை' சொல்லும் இடங்கள், நிறுத்தும் நாள் என்று ஐந்து பக்கம். வீட்டுக்காரம்மாவிடமும் காட்டி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். சேமிப்பும் நகையும் அவர்களுடையதும்தானே. விதியை மாற்றத் தோன்றினால் மாற்றலாம், தப்பில்லை. ஆனால் எழுதி மூன்று நாள் கழித்துத்தான் அது நடைமுறைக்கு வர வேண்டும். அந்த மூன்று நாளில் ஆசையும் பயமும் கொஞ்சம் ஆறிவிடும்.