பெரியாஸ்பத்திரியில் சேரும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேரச் சொல்லி உனக்கு ஆணை வந்துவிட்டதென்று உன் அம்மா போனில் சொன்னாள். மனம் நிறைந்துவிட்டது. பணிக்காலம் முழுக்க அரசு மருத்துவமனைகளிலேயே இருந்தவள் என்ற உரிமையில் சில விஷயங்களை எழுதுகிறேன். வேலையில் சேருவதற்கு முன் நிதானமாகப் படி.

மதுரைக்காரர்களுக்கு அது பெரியாஸ்பத்திரி. தேனி, திண்டுக்கல், சிவகங்கை, விருதுநகர், ராமநாதபுரம் என்று சுற்றியுள்ள மாவட்டங்களில் “இங்கே முடியாது, மதுரைக்குக் கொண்டு போங்க” என்று கேட்டவர்கள் அங்கேதான் வந்து இறங்குகிறார்கள். இடமில்லை என்று யாரையும் திருப்பி அனுப்ப முடியாது. கட்டில் நிரம்பினால் தரையில் பாய் விரிக்க வேண்டியதுதான். அரசு மருத்துவமனையின் பாரம் அது, பெருமையும் அதுவே.

ஊசி போடவும் காயத்துக்குக் கட்டுப் போடவும் கல்லூரியில் கற்றுக்கொண்டாய். ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் இடத்தில் எப்படி வேலை செய்வது என்பதை வார்டில்தான் கற்க வேண்டும். அங்கே ஒரு நோயாளியைப் பல பேர் பார்க்கிறார்கள். ஹவுஸ் சர்ஜன், மேற்படிப்பு டாக்டர், யூனிட் சீஃப், ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் மாறும் நர்ஸ்கள், லேப், எக்ஸ்ரே, மருந்தகம் என்று வரிசை நீளும். அத்தனை பேரும் தத்தம் வேலையை ஒழுங்காகச் செய்தும் நோயாளிக்குக் கெடுதல் நேரலாம். ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறும்போதுதான் விஷயம் நழுவுகிறது. நான் கண்ட தவறுகளில் பெரும்பாலானவை, “அவர் சொல்லியிருப்பார்” என்று இரண்டு பக்கமும் நினைத்துக்கொண்டதால் வந்தவை. அந்தக் கைமாறும் இடத்தைக் காப்பதுதான் உன் முதல் வேலை.

ஷிஃப்ட் மாறும்போது மேசையில் உட்கார்ந்து நோட்டைப் படித்து டியூட்டி வாங்காதே. கட்டில் கட்டிலாக நடந்து போய் வாங்கு. ட்ரிப் எவ்வளவு போயிருக்கிறது, ஊசி குத்திய இடம் வீங்கியிருக்கிறதா, சிறுநீர்ப் பையில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது, எந்த ரிப்போர்ட் இன்னும் வரவில்லை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதையெல்லாம் கண்ணால் பார்த்து, வாயால் கேட்டுத் தெரிந்துகொள்.

கேஸ் ஷீட்டில் எழுதுவதையும் அவசரமாகச் செய்யாதே. இன்சுலின் அளவை எழுதும்போது 10-க்குப் பக்கத்தில் ‘யூ’ என்ற ஒற்றை ஆங்கில எழுத்தைக் கிறுக்கினால், படிப்பவர் கண்ணுக்கு அது பூஜ்யமாகத் தெரியும்; 10 யூனிட் 100 ஆகிவிடும். உலகெங்கும் இப்படி விபத்துகள் நடந்திருக்கின்றன. ‘யூனிட்’ என்று முழுதாக எழுது. டாக்டர் போனில் மருந்து சொன்னால் அதைத் திரும்பச் சொல்லிக் காட்டு, பிறகு நேரம் போட்டு எழுது. சந்தேகம் வந்தால் கேட்டுவிடு. “இதுகூடத் தெரியாதா?” என்று யாராவது எரிந்து விழுந்தால் விழட்டும். அந்த வலி அன்று சாயங்காலமே போய்விடும். கேட்காமல் போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது.

நோயாளியிடம் பேசுவதும் இப்படித்தான். ஆபரேஷனுக்கு முதல் நாள் இரவு “ஒண்ணும் சாப்பிடக் கூடாது” என்று மட்டும் சொன்னால் போதாது. நம் ஜனங்களுக்குச் சாப்பாடு வேறு, டீ வேறு. காலையில் ஒரு டம்ளர் டீ குடித்துவிட்டு, ஆபரேஷன் தள்ளிப்போய், கூலி வேலையை விட்டுத் துணைக்கு வந்த மகனோடு இன்னும் பல நாள் காத்துக் கிடந்த பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். எத்தனை மணிக்குப் பிறகு டீ, காபி, தண்ணீர், வெற்றிலை எதுவும் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லு. கூட இருப்பவரிடமும் சொல்லு.

பெரிய அமைப்பு என்றால் தொல்லை மட்டும்தான் என்று நினைத்துவிடாதே. 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்ட பிறகு, மாநிலம் முழுமைக்குமான மருந்துகளை ஒரே இடத்தில் டெண்டர் விட்டுக் குறைந்த விலைக்கு வாங்கி, பரிசோதித்து, மாவட்டக் கிடங்குகளில் வைக்கிறார்கள். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒதுக்கிய தொகைக்குப் பாஸ்புக் உண்டு, தேவைக்கேற்ப எடுத்துக்கொள்ளலாம். சின்ன ஆஸ்பத்திரி ஒன்று தனியாக நின்று அந்த விலையைப் பேசி வாங்க முடியாது. ஆனால் வார்டிலிருந்து மருந்து கேட்டு எழுதும் இன்டென்ட் நேரத்துக்குப் போகாவிட்டால் மருந்து கிடங்கிலேயே கிடக்கும், நோயாளி வீட்டார் வெளியே கடைக்கு ஓடுவார்கள். அத்தனை பெரிய ஏற்பாடும் கடைசியில் நீ எழுதும் ஒரு தாளை நம்பித்தான் இருக்கிறது.

உன் மனக்குறையும் எனக்குத் தெரியும். தொகுப்பூதியத்தில் சேருகிறாய், காலமுறை ஊதியம் கிடைக்க ஆண்டுகள் ஆகலாம். ஒரே வேலைக்கு இரண்டு சம்பளம் என்பது அநியாயம்தான். சங்கத்தில் சேர், கூட்டத்துக்குப் போ, உரிமையைக் கேள். அந்தக் கோபத்தை வார்டுக்குள் மட்டும் கொண்டு வராதே. கட்டிலில் படுத்திருப்பவர் உன்னைவிட வசதி குறைந்தவர். அவர் சந்தோஷத்தில் நீட்டும் 50 ரூபாயையும் வாங்காதே. இன்று அன்பாகத் தொடங்குவது நாளை வழக்கமாகும், காசில்லாதவர் உன்னைக் கூப்பிடவே தயங்குவார்.

உடம்பைப் பார்த்துக்கொள். நைட் டியூட்டி முடிந்து வந்தால் முதலில் சாப்பிடு, அப்புறம் தூங்கு. வீட்டு வேலை காத்திருக்கட்டும். ஒரு நோயாளி இறந்துபோன நாளில் உடன் வேலை பார்க்கும் சிஸ்டர்களோடு மனம்விட்டுப் பேசு. தூய்மைப் பணியாளர்களை ‘அக்கா’, ‘அண்ணா’ என்று கூப்பிடு. நோயாளியின் முகம் மாறியதை முதலில் கவனித்துச் சொல்பவர்கள் பல நேரம் அவர்கள்தான்.

டீன் யார், துறை எது, இயக்குநரகம் எங்கே என்பதெல்லாம் நோயாளிக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்த அரசு மருத்துவமனை நீதான். டியூட்டி முடிந்து கிளம்பும் முன், “இவரைப் பற்றி அடுத்தவருக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேனா?” என்று ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு தடவை உன்னையே கேட்டுக்கொள். இந்த ஒரு பழக்கத்தை மட்டும் கடைசிவரை விட்டுவிடாதே, மகளே.

அன்புடன்,
உன் பெரியம்மா